பதினோராங்கட்டையில் மூன்றாவது கூப்பாடு

கோர்ட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

உங்கள் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டு இரண்டு பேர் கோலாலம்பூரில் என் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். பின்னால் போகும் ரயில் சத்தத்தில் நான் சொன்னது பாதி உங்களுக்குக் கேட்டிருக்காது. அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

சம்மன் எழுதுவது எப்படி, எந்தத் தாளில் எந்த முத்திரை குத்துவது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்குக் கைவந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. நான் சொல்லப்போவது, பல வருஷம் பெருமையோடு நான் செய்துவந்த ஒரு தப்பை. வெட்கப்பட்டுக்கொண்டே செய்கிற தப்பை நாமே கண்டுபிடித்துவிடுவோம். பெருமையோடு செய்கிற தப்பு அப்படியில்லை. சுற்றியிருப்பவர்கள் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். கிள்ளான் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளன், கிராணி என்கிற குமாஸ்தா வேலையும் என்னிடமே. கிள்ளானுக்கு வெளியே இரண்டு இடங்களில் கோர்ட்டு உட்காரும். ஒரு புதன்கிழமை துறைமுகத்தில், அடுத்த புதன்கிழமை பதினோராங்கட்டையில். கிள்ளானிலிருந்து வடக்கே போகும் சாலையில் பதினோராவது மைல் கல்லை ஒட்டி இருந்ததால் அந்த இடத்துக்கு அதுவே பெயர். ஒரு சீனன் காப்பிக்கடை, ஒரு கள்ளுக்கடை, ஒரு போலீஸ் குடிசை, மராமத்து இலாகா கல்லும் தாரும் போட்டுவைக்கிற ஒரு தகரக் கொட்டகை. ஊர் அவ்வளவுதான். அதற்குப் பின்னால் ஐந்து மைல், ஆறு மைல் உள்ளே செம்மண் பாதை போகும். அந்த வழியெல்லாம் ரப்பர்த் தோட்டங்கள்.

அந்தத் தகரக் கொட்டகைதான் எங்கள் கோர்ட்டு. மடக்கு மேசையையும் ரிஜிஸ்தரையும் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு மூன்று பேர் போவோம். மாஜிஸ்திரேட் துரை, நான், கோர்ட்டுச் சேவகர் காதர். காதர் நாகூர்ப் பக்கம், என்னைவிட இரண்டு வயது இளையவர். சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சம்மன் கொடுப்பது அவர் வேலை. கோர்ட்டு நடக்கும் நாளில் வாசலில் நின்று வழக்குக்காரரின் பெயரை மூன்று முறை கூப்பிடுவதும் அவர்தான். அவர் கூப்பிட்டால் சாலைக்கு அந்தப் பக்கம் மேய்கிற மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும். மூன்று கூப்பாட்டுக்கும் புகார் கொடுத்தவர் வரவில்லை என்றால், ரிஜிஸ்தரில் சிவப்பு மையில் 'ஆஜர் இல்லை, தள்ளுபடி' என்று நான் எழுதுவேன். துரை கையெழுத்துப் போடுவார். வழக்கு தீர்ந்தது.

இனி என் சாமர்த்தியத்துக்கு வருகிறேன். அன்றைய வழக்குகளை எந்த வரிசையில் கூப்பிடுவது என்பது கிராணியின் கையில் இருக்கும். துரைமார் அதைப் பார்க்கவே மாட்டார்கள். தோட்டத்து ஆட்கள் கொடுத்த புகார்களில் பாதிக்கு மேல் ஆள் வருவதில்லை என்பதை நான் கவனித்து வைத்திருந்தேன். அதனால் அவற்றையெல்லாம் பட்டியலின் தலையில் போட்டுவிடுவேன். காலை பத்து மணிக்குத் துரை உட்காருவார். காதர் கூப்பிடுவார், நான் எழுதுவேன். ஐந்து நிமிஷத்தில் மூன்று, நான்கு வழக்குகள் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். துரையின் முகம் மலரும். பிறகு சூதாட்டம், கள்ளுக்கடைச் சண்டை என்று போலீஸ்காரர் கையோடு கொண்டுவருகிற வழக்குகள். பதினொன்றரைக்கு எல்லாம் முடிந்துவிடும். துரை மோட்டாரில் ஏதாவது ஒரு தோட்டத்துப் பங்களாவுக்குச் சாப்பிடப் போவார். ஒரு மணிக்கு மேல் மோட்டார் திரும்பி வந்ததும் நாங்கள் மேசையை மடக்குவோம்.

'பட்டியலைத் தேங்க விடாதவர்' என்று ஒரு வருஷத்து ரிப்போர்ட்டில் துரை என்னைப் பற்றி எழுதினார். அதை என் மனைவிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். முதல் தடவை அவள் சரியாகக் கவனிக்கவில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அந்த ஆட்கள் ஏன் வருவதில்லை என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் தயாராக இருக்கும். "லயத்து வீடுகளுக்குள் வருகிற சண்டைதானே! கோபத்தில் புகார் கொடுப்பார்கள், மறுநாளே சமாதானம் ஆகிவிடுவார்கள்" என்பேன். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் டவுனில். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஒரு தோட்டத்தில் ஒரு பொழுதுகூட நான் தங்கியதில்லை. ஆனால் தெரியாத விஷயத்தைத்தான் மனுஷன் அடித்துப் பேசுவான் போலிருக்கிறது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கோலாலம்பூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வெளியூர் அமர்வுகள் இரண்டையும் நடத்திக்கொண்டிருக்க முடியாது, ஒன்றை எடுத்துவிட உத்தேசம், இருக்கப்போகும் இடத்தில் செங்கல் கட்டடம் கட்டப்படும், எந்த இடத்தில் எவ்வளவு வேலை என்று கணக்கு அனுப்பவும். கூடவே ஒரு படிவம். அதில் 'தீர்ப்புச் சொல்லப்பட்ட வழக்குகள்' என்று ஒரு பத்தி. நான் பிரமாதமாக நிரப்பினேன். துறைமுகத்தில் கப்பல்காரர்கள் அடிதடி, மூட்டைத் திருட்டு என்று பத்தி நிரம்பி வழிந்தது. பதினோராங்கட்டைக்கு விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆஜர் இல்லாமல் தள்ளுபடி ஆனவற்றை நான் சேர்க்கவில்லை. அவற்றில் தீர்ப்பு என்று ஒன்று இல்லையே. படிவம் கேட்டதற்குப் பதில் எழுதினேன், கேட்காததற்கு நான் ஏன் எழுத வேண்டும்?

துரை பார்த்தார். "அந்தத் தகரக் கொட்டகையை மூடிவிடலாம் என்றுதான் இந்தக் கணக்கு சொல்கிறது" என்றார். அப்படியே ஒரு பதில் கடிதம் தயாரானது. வியாழக்கிழமை தபாலில் போக வேண்டியது. அதற்கு முந்தின நாள் பதினோராங்கட்டைப் புதன்கிழமை.

அன்று பட்டியலில் முதல் பெயர் அஞ்சலை. உள்தோட்டம் ஒன்றில் மரம் வெட்டுகிற பெண், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவள். பால் வாளி தூக்குகிற காண்டாக் கம்பால் கங்காணி தன்னை அடித்துவிட்டான், இடது காது கேட்கவில்லை என்று புகார். முன்பே இரண்டு தடவை இதே புகாரைக் கொடுத்து, இரண்டு தடவையும் ஆஜர் இல்லாமல் தள்ளுபடி ஆகியிருந்தது. மூன்றாம் தடவை, மழையால் மரம் வெட்டாத ஒரு நாளில், அவள் கிள்ளானுக்கு வந்து மனுக் கொடுத்தபோது துரை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இதுதான் கடைசி. இந்தத் தடவையும் வரவில்லை என்றால் இந்தப் புகாரைக் கோர்ட்டு இனிமேல் எடுக்காது. அதை அவளுக்குத் தமிழில் சொன்னவன் நான். என் பங்குக்கு, "நேரத்துக்கு வந்து சேரும்மா" என்று புத்தியும் சொல்லி அனுப்பினேன்.

பத்து மணி. கங்காணி கோட்டுப் போட்டு, தலைப்பாகை கட்டி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். காதர் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"அஞ்சலை!"

பதில் இல்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டார். அதற்கும் பதில் இல்லை. நான் சிவப்புப் பேனாவை மையில் தோய்த்துவிட்டேன். மூன்றாவது கூப்பாடு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். காதர் சாலையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டேன்.

"என்ன காதர், தொண்டை கட்டிக்கிச்சா?"

"தொண்டை நல்லாத்தான் இருக்குண்ணே. மூணாவதையும் கூப்பிட்டா முடிஞ்சு போச்சு. இந்நேரம் அது மரத்தடியில நின்னு பாலெடுத்துக்கிட்டு இருக்கும். நான் கிள்ளானுக்குக் கேக்குற மாதிரி கத்தினாலும் அதுக்குக் கேக்காது."

"வேலையை விட்டுட்டு வர வேண்டியதுதானே?"

காதர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "விடியறதுக்கு முன்னாடி பெரட்டுல, ஆள் கணக்கு எடுக்குற எடத்துல, போய் நிக்கணும். அப்புறம் மரம் வெட்டணும். பத்து மணிக்கு மேல பாலெடுத்து, ஸ்டோருக்குத் தூக்கிட்டுப் போய் நிறுக்கணும். நடுவுல போனா அன்னைக்கிப் பேர் கிடையாது. பேர் போடறது யாருங்கிறீங்க? அதோ கோட்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கானே, அவன்தான்."

பேர் என்றால் ஒரு நாள் வேலை செய்ததற்குச் செக்ரோல் என்கிற கூலிக் கணக்கில் விழுகிற பதிவு. அடித்தவனிடமே போய், உன் மேல் வழக்குச் சொல்லப் போகிறேன், எனக்கு லீவு கொடு என்று அவள் கேட்க வேண்டும். எனக்குச் சுருக்கென்றது.

"இத்தனை நாள் ஏன்யா சொல்லலை?"

"நீங்க கேக்கலையேண்ணே. லிஸ்டு சீக்கிரம் முடிஞ்சா உங்களுக்குச் சந்தோசம். எனக்கும் வீட்டுக்குப் போகலாம். நானும் சும்மா இருந்துட்டேன்."

மேசைக்குத் திரும்பி வந்தேன். ரிஜிஸ்தர் திறந்தே கிடந்தது. போன மாதத்துப் பக்கத்தில் அஞ்சலை, அதற்கு முந்தின பக்கத்திலும் அஞ்சலை. இரண்டும் என் கையெழுத்து, அழகான கையெழுத்து. கோபத்தில் ஒருத்தி ஒரு தடவை கிள்ளான் வரைக்கும் வரலாம். கோபம் ஆறிப்போனவள் மூன்று தடவை வருவாளா? இந்தச் சின்னக் கேள்வி இத்தனை வருஷம் என் மண்டையில் உதிக்கவில்லை.

"கிராணி, ஏன் நிற்கிறது?" என்றார் துரை.

தம்பிகளே, அந்த அரை நிமிஷத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். சுலபமான வழி ஒன்று என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சலாம், சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்று சொன்னால் போதும். அவளும் பிழைப்பாள், நானும் பிழைப்பேன். ஆனால் எதைக் கேட்டேனோ அதைத்தான் சொல்வேன் என்று சத்தியம் செய்து வேலைக்கு வந்தவன் நான். இன்று நல்லதுக்கு ஒரு பொய் சொன்னால், நாளைக்கு நான் சொல்கிற எதை அந்த மேசை நம்பும்?

"சார், இந்த வழக்கைக் கடைசியில் எடுக்க வேண்டும்."

"என்ன காரணம்?"

"வரிசை போட்டவன் நான், சார். வர மாட்டார்கள் என்று நினைத்தவர்களை முதலில் போட்டேன், சீக்கிரம் முடியும் என்று. அவர்களால் வர முடியாத நேரத்தில் கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்."

கங்காணி எழுந்துவிட்டான். "தொரை, நானும் ரெண்டு தடவ வந்து வந்து போயிட்டேன். இந்தப் பொம்பளைக்கு இதே பொழப்பாப் போச்சு. கேச முடிச்சு விடுங்க." அதையும் நான்தான் ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். துரை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு, "கடைசியில் வை" என்றார்.

மற்ற வழக்குகள் பதினொன்றரைக்கெல்லாம் முடிந்துவிட்டன. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பட்டியல் நீளமாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். துரை தொப்பியை எடுத்தார்.

"எப்போது வருவாள்?"

"பாலை எடை போட்ட பிறகு, சார்."

"அது எத்தனை மணிக்கு?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். வாசலிலிருந்து காதர், "இங்க வந்து சேர ஒரு மணி ஆயிடும் தொரை" என்று மலாயில் சொன்னார்.

துரை தொப்பியைத் திரும்ப மேசை மேல் வைத்தார். பங்களாவுக்கு ஆளை அனுப்பி, சாப்பாட்டுக்கு வரவில்லை என்று சொல்லச் சொன்னார். எதிர்க் காப்பிக்கடையிலிருந்து ரொட்டியும் காப்பியும் வந்தன. அந்தக் கடைக்காரன் துரைக்கென்று கோப்பையை இரண்டு தடவை கழுவியதை நான் பார்த்தேன். தின்றுகொண்டே துரை ரிஜிஸ்தரைக் கேட்டு வாங்கிப் பின்னோக்கிப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் சிவப்பு மை. மாதம் மாதமாக, வருஷம் வருஷமாகச் சிவப்பு மை.

"இவை நாளைக்குப் போகிற கணக்கில் இருக்கின்றனவா?"

"இல்லை, சார். படிவத்தில் இதற்கு இடம் இல்லை."

அவர் இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

பன்னிரண்டு அடித்தது, பன்னிரண்டரை ஆனது. தகரம் காய்ந்து கொட்டகை அடுப்பாக இருந்தது. கங்காணி கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். ஒரு மணி தாண்டியதும் துரை கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். மூன்றாவது தடவை அவர் பார்த்தபோது, செம்மண் பாதை சாலையைத் தொடுகிற வளைவில் மூன்று பெண்கள் தெரிந்தார்கள். பாதி நடையும் பாதி ஓட்டமுமாக வந்தார்கள். காதர் கையை வாயருகே குவித்துக்கொண்டார். பத்து மணியிலிருந்து அடக்கி வைத்திருந்த அத்தனையும் அந்தக் குரலில் வந்தது.

"அஞ்சலை!"

"இருக்கேன் சாமி! இந்தா வந்துட்டேன்! இருக்கேன்!"

தூரத்திலிருந்தே பதில் வந்தது. காப்பிக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். அவள் கொட்டகைக்குள் வந்து நின்றபோது கைவிரல்களில் பால் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. கூட வந்தவர்கள் அடித்ததைப் பார்த்த சாட்சிகள். துரை விசாரணையை ஆரம்பிக்கும் முன்பு முதல் கேள்வியாக, இதற்கு முன் இரண்டு தடவை ஏன் வரவில்லை என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன், வலது காதுப் பக்கம் நின்று.

"வராம என்ன சாமி? ரெண்டு தடவையும் வந்தேன். வேல முடிஞ்சு ஓடியாந்தேன். நீங்க மேசைய மடக்கி மோட்டார்ல ஏத்திக்கிட்டு இருந்தீங்க. நான் கும்பிட்டேன். நீங்களும் கும்பிட்டுட்டு, அடுத்த தடவ நேரத்துக்கு வான்னு சொல்லிட்டுப் போனீங்க."

எனக்கு நினைவு வந்தது. மேசையின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். ஏதோ ஒரு தோட்டத்துப் பெண் மூச்சு வாங்க நிற்கிறாள். நான் ரொம்ப மரியாதையாகத்தான் பதில் கும்பிடு போட்டேன். கிள்ளானில் மனுக் கொடுத்தபோது அந்த முகத்தை எனக்கு அடையாளம்கூடத் தெரியவில்லை.

துரை மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார். 'வந்து பார்த்தபோது கோர்ட்டு கலைந்திருந்தது என்கிறாள்' என்று சொன்னாலே போதும், அர்த்தம் வந்துவிடும். ஆனால் அவள் சொன்னது அது இல்லை. நான் மேசையிலிருந்து கையை எடுத்துவிட்டு நேராக நின்று, கும்பிடு வரைக்கும் சொன்னேன். "அடுத்த முறை நேரத்துக்கு வா என்று சொன்ன கிராணி நான்தான், சார்" என்று முடித்தேன்.

சாட்சிகள் திடமாகச் சொன்னார்கள். கங்காணிக்குத் தண்டனை ஆயிற்று. இந்த வழக்குக்காக அந்த மூன்று பெண்களின் பேரில் கை வைக்கக் கூடாது என்று தோட்டத்துக்குத் துரை அங்கேயே ஒரு கடிதமும் எழுதினார். அஞ்சலையின் காது திரும்ப வரவில்லை, அதைக் கோர்ட்டு கொடுக்க முடியாது. கிளம்பும்போது அவள் என்னிடம் வந்து, "அடுத்த தடவ நீங்க நேரத்துக்கு இருங்க சாமி" என்றாள். கூட வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த மன்னிப்பு அது என்றுதான் இன்று வரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் தபாலில் அந்தக் கடிதம் போகவில்லை. துரை அளவுகோலை வைத்துப் படிவத்தில் இன்னொரு பத்திக்குக் கோடு போட்டார். 'வந்தும் கேட்கப்படாதவை' என்று அதற்குத் தலைப்பு. வந்தவர் எத்தனை, வராதவர் எத்தனை என்று இனிப் பிரிக்க முடியாதே சார் என்றேன். "நமக்கே தெரியாது என்பதையும் எழுது" என்றார். எழுதினேன். ஒவ்வொரு புகாரும் எந்தத் தோட்டம், அங்கிருந்து எத்தனை மைல் நடக்க வேண்டும் என்பதைக் காதரைக் கேட்டுக் கேட்டு ஓரத்தில் குறித்தேன். அவருக்கு ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் மனப்பாடம்.

பதில் வரப் பல மாதம் ஆயிற்று. நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி எல்லாம் நடக்கவில்லை. செங்கல் கட்டடம் துறைமுகத்துக்குத்தான் போயிற்று. ஆனால் பதினோராங்கட்டை அமர்வை எடுக்கவில்லை. அதே தகரக் கொட்டகை, அதே மடக்கு மேசை, நேரம் மட்டும் பிற்பகல் இரண்டு மணி. மாறிய முதல் புதன்கிழமை உள்ளே இடமில்லாமல் தார் பீப்பாய்கள் மேலெல்லாம் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் வருஷக்கணக்காகப் பொத்திப் பொத்தி வளர்த்த சின்னப் பட்டியல் அன்றோடு போயிற்று. "கிராணி, உன்னால் என் டென்னிஸ் போய்விட்டது" என்று துரை அலுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு என்னைப் பற்றி எழுதும்போது பட்டியலைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. எனக்கு அது குறையாகவே படவில்லை.

ஆகவே தம்பிகளே, எந்த ஊரில் கோர்ட்டு வைக்கலாம் என்று உங்களிடமும் ஒருநாள் கணக்குக் கேட்பார்கள். வழக்கு எங்கே அதிகம் என்று ரிஜிஸ்தர் சொல்லும். வழக்கு ஏன் குறைவு என்று அது சொல்லாது. அதைச் சம்மன் கொண்டுபோகிறவரிடம் கேளுங்கள். அவர் தானாக வந்து சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

நான் ஓய்வு பெற்ற அன்று கிள்ளான் கோர்ட்டில் எனக்கு ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். அதற்குள் நான் பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிவந்துவிட்டிருந்தேன். மாலையும் பலகாரமும் தயாராக இருக்க, ரயில் தாமதமாகி என் சொந்த விருந்துக்கு நானே அரை மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தேன். வாசற்படியில் காதர் நின்றிருந்தார், தலை முழுக்க நரைத்துப்போய். உள்ளே எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு தடவ கூப்பிட்டாச்சுண்ணே" என்றார். "பேச்சை ஆரம்பிச்சுடலாம்னு எல்லாரும் அவசரப்பட்டாங்க. நான் விடலை."

பிறகு கையை வாயருகே குவித்துக்கொண்டு, எதிரில் நின்றுகொண்டிருந்த என்னை, கிள்ளான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டார். எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"இருக்கேன்" என்றேன்.